வீச்சு வலைக்கு ஈய மணி வார்த்தல்: அடுப்பு மூட்டும் முன்னும் பின்னும் செய்ய வேண்டியவை

வலையின் விளிம்பில் எடைக்காகக் கோக்கும் ஈய மணியை வார்க்கக் கற்றுக்கொள்ள வருபவர்கள் பெரும்பாலும் முதலில் அடுப்பைத்தான் மூட்டுகிறார்கள். ஈயம் உருகி ஆடத் தொடங்கிய பிறகு கையுறையைத் தேடுகிறார்கள், அச்சைத் துடைக்கிறார்கள், கரண்டி ஈரமாக இருப்பதைக் கவனிக்கிறார்கள். காவேரிப்பாக்கம் ஏரிக்கரையிலும் பாலாற்றின் இரு கரையிலும் எனக்குத் தெரிந்தவர்கள் பட்ட காயங்களில் மிகுதியானவை இந்த முறைமாற்றத்தால் வந்தவை. ஆகவே இங்கே முதல் ஐந்து படிகள் தீ மூட்டுவதற்கு முன் முடிக்க வேண்டியவை. வரிசையை மாற்றாமல் செய்யுங்கள்.

வேலை முழுவதையும் கோடையில் முடிப்பது நல்லது. ஐப்பசி, கார்த்திகையில் ஏரிகள் நிரம்பும்போது வலை தயாராக இருக்க வேண்டும் என்பது ஒரு காரணம். மழைக்காலத்தில் அச்சும் மரப்பிடியும் தரையும் உலர்வதில்லை என்பது அதைவிடப் பெரிய காரணம்.

1. எத்தனை மணி, என்ன எடை என்று முதலில் கணக்கிடுங்கள்

மணியின் எடையை அச்சு தீர்மானிக்கிறது. அச்சை ஒருமுறை வெட்டிவிட்டால் மாற்ற முடியாது. எனவே வலையின் அளவிலிருந்து தொடங்க வேண்டும்.

ஆறடி ஆரமுள்ள வலையை எடுத்துக்கொள்வோம். அதன் சுற்றளவு சுமார் 37.7 அடி, அதாவது 11.5 மீட்டர். அடிக்கயிற்றில் 6 சென்டிமீட்டருக்கு ஒரு மணி என்று கோத்தால் 192 மணி தேவை. ஒரு மணி 15 கிராம் என்றால் மொத்தம் 2.9 கிலோ வரும். தேங்கிய ஏரித் தண்ணீரில் ஜிலேபியும் கெண்டையும் பிடிக்க இந்த எடை போதும்.

எடை குறைந்தால் வலை மெதுவாக இறங்கும். விளிம்பு தரையைத் தொடும் முன்பே மீன் அடியில் புகுந்து வெளியேறிவிடும். எடை கூடினால் வீசுபவரின் தோள் விரைவில் ஓய்ந்துவிடும் என்பதோடு, நம் பக்கத்து ஏரிகளின் வண்டல் சேற்றில் மணி புதைந்து, இழுக்கும்போது வலை கிழியும். ஆழமான நீர்த்தேக்கத்தில் வீசுபவர்கள் மட்டும் மணியின் இடைவெளியை 5 சென்டிமீட்டராகக் குறைத்துக்கொள்ளலாம். மணியைப் பெரிதாக்க வேண்டாம்.

கணக்குக்கு மேல் 20 மணி கூடுதலாக வார்த்து வையுங்கள். பாறையில் சிக்கி அறுந்து போகும் மணிக்கு ஈடாக, அதே எடையில் வேறு மணி கடையில் கிடைப்பதில்லை.

2. அச்சைச் சரியாகச் செய்து வாங்குங்கள்

10 மில்லிமீட்டர் தடிமனும் 24 மில்லிமீட்டர் நீளமும், இரு முனையும் உருண்டையாகவும், நடுவில் 4 மில்லிமீட்டர் துளையும் கொண்ட மணி ஏறத்தாழ 15 கிராம் வரும். முனை உருண்டையாக இருப்பது அழகுக்காக அல்ல. தட்டையான முனை வலைக் கண்ணில் மாட்டிக்கொள்ளும். வலை விரியும் அந்த ஒரு நொடியில் ஒரு மணி மாட்டினாலே வட்டம் கோணிவிடும்.

இரண்டு உலோகக் கட்டைகளை முகத்தோடு முகம் சேர்த்து, இரண்டிலும் பாதிப் பாதியாகக் குழி வெட்டுவதே இந்த அச்சு. 150 மில்லிமீட்டர் நீளமுள்ள கட்டையில் நான்கு மணிகள் வரிசையாகப் படுத்திருக்கும். அவற்றின் நடுவே ஒரே கம்பி ஊடுருவிச் செல்லும். அந்தக் கம்பிதான் துளையை உண்டாக்குகிறது. ஒவ்வொரு மணிக்கும் மேலிருந்து ஈயம் இறங்க ஒரு சிறு வாய் இருக்கும். நான்கு வாய்களும் மேலே ஒரே வாய்க்காலில் சேரும்.

காட்பாடியிலோ ராணிப்பேட்டையிலோ மில்லிங் இயந்திரம் வைத்திருக்கும் பட்டறையில் இதைச் செய்துகொள்ளலாம். பெல் (BHEL) தொழிற்சாலையை ஒட்டி வளர்ந்த ராணிப்பேட்டைப் பட்டறைகளில் இதைவிட நுட்பமான வேலைகள் நாள்தோறும் நடக்கின்றன. அவர்களிடம் மூன்று விஷயங்களை அழுத்திச் சொல்லுங்கள். இரு கட்டைகளும் எப்போதும் ஒரே இடத்தில் பொருந்த இரண்டு ஊசிகள் வேண்டும். சேரும் முகங்களில் ஒளி புகும் இடைவெளி இருக்கக் கூடாது. குழியின் அடிப்பக்கத்திலிருந்து கட்டையின் விளிம்பு வரை மயிரிழை அளவில் கீறல் போட வேண்டும். ஈயம் இறங்கும்போது உள்ளே இருக்கும் காற்று வெளியேற வேறு வழி கிடையாது.

கம்பி துருப்பிடிக்காத எஃகாக, கண்ணாடிபோல் பளபளப்பாக இருக்கட்டும். ஒரு முனையை வளைத்துப் பிடியாக்குங்கள். ஈயம் இறுகும்போது சுருங்கிக் கம்பியைக் கவ்வும். சொரசொரப்பான கம்பியை நான்கு மணிக்குள்ளிருந்து உருவ முடியாது.

கட்டை அலுமினியமா இரும்பா என்று கேட்பார்கள். அலுமினியம் விரைவில் சூடேறும், ஈயமும் அதில் ஒட்டாது, ஆனால் விளிம்பு எளிதில் அடிபடும். ஒரே வலைக்கு வார்ப்பவருக்கு அலுமினியம் போதும். இரண்டிலும் மரப்பிடி கட்டாயம்.

3. உலோகத்தைப் பிரித்தறியுங்கள்

தமிழில் ஈயம் என்ற ஒரே சொல் இரண்டு உலோகங்களைக் குறிப்பதால் இந்தப் படியில் தவறு நேர்கிறது. ரசம் வைக்கும் ஈயச்சொம்பு வெள்ளீயம். மணிக்கு வேண்டியது காரீயம். இரண்டும் வேறு வேறு தனிமங்கள். வெள்ளீயம் 232 டிகிரி செல்சியசில் உருகும். காரீயம் 327 டிகிரியில் உருகும். காரீயத்தில் ஒரு கன சென்டிமீட்டர் 11.3 கிராம் இருக்கும். வெள்ளீயத்தில் அது 7.3 கிராம்தான். பாட்டியின் பழைய சொம்பை உருக்கி மணி வார்த்தால் விலையுயர்ந்த உலோகம் வீணாவதோடு, மணியும் இலேசாகிவிடும். காரீயத்தை எந்தக் காரணத்துக்காகவும் சமையல் பாத்திரமாக்கக் கூடாது என்பதைத் தனியே சொல்லத் தேவையில்லை என்றாலும் சொல்லிவிடுகிறேன்.

சோதிக்க எளிய வழி உண்டு. காரீயத்தை நகத்தால் கீறினால் கோடு விழும். வெள்ளைத் தாளில் தேய்த்தால் பென்சில்போல் சாம்பல் நிறக் கோடு விழும். புதிதாக வெட்டிய இடம் பளபளப்பாக இருந்து, சில நாளில் மங்கிவிடும். வெள்ளீயத் தகட்டைக் காதருகே வைத்து வளைத்தால் நறநறவென்று மெல்லிய ஒலி கேட்கும். காரீயம் ஒலியின்றி வளையும். சோதித்து முடித்ததும் கையைக் கழுவிவிடுங்கள்.

காயலான் கடையில் கிடைக்கும் பழைய காரீயத் தகடு, பழைய தரையடித் தொலைபேசிக் கேபிளின் ஈய உறை, வார்ப்பிரும்புக் குழாய் இணைப்பிலிருந்து எடுத்த ஈயம் ஆகியவை மென்மையானவை, நம்பத்தக்கவை. வண்டிச் சக்கரங்களில் சமநிலைக்காக மாட்டும் எடைத்துண்டுகளும் கிடைக்கும். அவற்றில் பழையவை ஆன்டிமனி கலந்த ஈயம், பயன்படுத்தலாம். புதியவற்றில் துத்தநாகமும் இரும்பும் கலந்துவிடுகின்றன. துத்தநாகம் 419 டிகிரியில்தான் உருகும். ஆகவே சட்டியின் வெப்பத்தை 380 டிகிரிக்குள் வைத்திருந்தால் துத்தநாகத் துண்டு உருகாமல் மேலே மிதக்கும். உடனே இடுக்கியால் எடுத்துவிடுங்கள். அது கரைந்து சேர்ந்துவிட்டால் ஈயம் கூழ்போல் கெட்டியாகி அச்சில் இறங்காது.

பழைய பேட்டரித் தட்டை மட்டும் தொடவே தொடாதீர்கள். விலை குறைவு என்று பலரும் அதைத்தான் முதலில் தேடுகிறார்கள். அதில் அமிலம் ஊறியிருக்கிறது. தட்டில் கலந்திருக்கும் ஆன்டிமனியும் ஆர்செனிக்கும், கால்சியம் கலந்த கசடோடு சேர்ந்து ஈரம் பட்டால் உயிரைப் பறிக்கும் வாயுவை வெளியிடக்கூடும். மேலும் 2022ஆம் ஆண்டு பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி பழைய பேட்டரி பதிவுபெற்ற மறுசுழற்சியாளரிடம்தான் போக வேண்டும்; வீட்டில் உடைத்து உருக்குவதற்கு இடமில்லை.

4. ஈரத்தை முற்றாக நீக்குங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

தண்ணீர் நீராவியாகும்போது ஏறத்தாழ 1,700 மடங்கு விரிகிறது. உருகிய ஈயத்தின் மேல் விழும் சொட்டு சீறித் தெறிக்கும். ஆனால் ஈயத்துக்கு அடியில் மாட்டிக்கொண்ட சொட்டு சட்டியிலிருக்கும் ஈயத்தையே வாரி வெளியே எறியும்.

நம் ஊரில் இந்த ஆபத்து வரும் வழி பெரும்பாலும் பழைய வலை மணிதான். கிழிந்த வலையிலிருந்து அறுத்தெடுத்த மணிகளை மீண்டும் உருக்குவது வழக்கம். அந்த மணிகளின் துளையில் ஏரிச் சேறு இறுகி அடைத்திருக்கும். மேலே தொட்டால் காய்ந்துதான் இருக்கும். துளைக்குள் இருக்கும் களிமண் மாதக்கணக்கில் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். சில ஆண்டுகளுக்கு முன் காவேரிப்பாக்கத்துக்கு அருகே ஒரு மாட்டுக் கொட்டகையில், நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, இளைஞர் ஒருவர் அப்படிப்பட்ட மணிகளை ஒரு பிடி அள்ளி உருகிய ஈயத்தில் போட்டார். பட்டென்று ஒரு ஒலிதான் கேட்டது. சட்டியில் பாதி ஈயம் கூரைத் தகட்டின் அடியில் வெள்ளி இலைகளாக ஒட்டிக்கொண்டிருந்தது. அவர் ஒரு நொடி முன்புதான் முகத்தைத் திருப்பியிருந்தார். முன்கையில் மூன்று இடங்களில் கொப்புளம் எழுந்ததோடு போயிற்று. அவரைத் தடுக்க எனக்கு வாய்ப்பு இருந்தும் கவனிக்காமல் இருந்துவிட்டேன் என்ற வருத்தம் இன்றும் இருக்கிறது.

எனவே பழைய மணி ஒவ்வொன்றின் துளையிலும் கம்பியை விட்டுச் சேற்றைத் தள்ளுங்கள். கழுவினால் அதன்பின் மூன்று நாள் முழு வெயிலில், இரும்புத் தட்டில் பரப்பிக் காய வையுங்கள். இவ்வளவும் செய்த பிறகும் பழைய மணியை உருகிய ஈயத்தில் போடாதீர்கள். சட்டி குளிர்ந்திருக்கும்போதே அடியில் போட்டு அதோடு சேர்த்துச் சூடேற்றுங்கள். ஈரம் மீதியிருந்தால் ஈயம் உருகும் முன்பே ஆவியாகிப் போய்விடும்.

கரண்டி, கலக்கும் கம்பி, இடுக்கி ஆகிய எல்லாவற்றுக்கும் இதே விதிதான். ஈயத்தில் நுழையும் எதையும் அதற்கு முன் அடுப்பின் ஓரத்தில் ஐந்து நிமிடமாவது சூடாக்குங்கள்.

வியர்வையை மறக்காதீர்கள். வேலூர்க் கத்திரி வெயிலில் அடுப்பின் முன் குனிந்தால் நெற்றியிலிருந்து சொட்டு விழாமல் இருக்காது. தலையில் பருத்தித் துண்டை இறுகக் கட்டிக்கொள்ளுங்கள், சட்டிக்கு நேர் மேலே தலையை நீட்டாதீர்கள், விடியற்காலை ஆறு மணிக்குத் தொடங்கி ஒன்பதுக்குள் முடித்துவிடுங்கள்.

5. இடம், உடை, பாத்திரம்

இடம் திறந்த வெளியாக இருக்க வேண்டும். கூரைக்கு அடியில் வேண்டாம். காற்று உங்கள் முதுகுப் பக்கமிருந்து அடிக்கும்படி நில்லுங்கள். காற்று போகும் திசையில் கிணறு, வைக்கோல் போர், மாட்டுத் தொட்டி, அடுத்த வீட்டுச் சன்னல் எதுவும் இருக்கக் கூடாது.

சிமெண்டுத் தரையில் அடுப்பு வைக்காதீர்கள். சிமெண்டு ஈரத்தை உள்ளே வைத்திருக்கும். சூடான ஈயம் கொட்டினால் சில்லு சில்லாகத் தெறிக்கும். காய்ந்த மண்தரையின் மேல் உலர்ந்த மணலை இரண்டு அங்குலத்துக்குப் பரப்பி, அதன்மேல் அடுப்பை வையுங்கள். பக்கத்தில் ஒரு வாளி உலர்ந்த மணல் இருக்கட்டும். தீக்காயத்துக்காகத் தண்ணீரும் வேண்டும், ஆனால் அது பத்தடிக்கு அப்பால் இருக்கட்டும்.

குழந்தைகளும் கருவுற்ற பெண்களும் அந்த இடத்துக்கு வரக் கூடாது. வேலை முடிந்த பிறகும் சுத்தம் செய்யும் வரை வரக் கூடாது. குழந்தைகளின் உடலில் தீங்கில்லாத ஈய அளவு என்று ஒன்று இல்லை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு.

முழுக்கைப் பருத்திச் சட்டை, பருத்திக் கால்சட்டை அணியுங்கள். நைலான், பாலியெஸ்டர் துணி உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். செருப்பு வேண்டாம், தோல் காலணி அணிந்து, கால்சட்டையின் விளிம்பு காலணிக்கு மேல் விழும்படி விடுங்கள். காலணிக்குள் கால்சட்டையைச் செருகினால் விழுந்த ஈயம் உள்ளே தங்கிவிடும். பேரணாம்பட்டும் ஆம்பூரும் ராணிப்பேட்டையும் தோலுக்குப் பெயர்பெற்ற நம் பக்கத்தில் தோல் முன்னங்கியும் வெல்டிங் கையுறையும் கிடைக்கவில்லை என்று ஒருவர் சொல்வதை நான் ஏற்க மாட்டேன். முகம் முழுவதையும் மறைக்கும் கண்ணாடிக் கவசமும், வடிகட்டி மாற்றக்கூடிய அரை முகமூடியும் வேண்டும். கைக்குட்டையைக் கட்டிக்கொள்வதால் பயனில்லை.

பாத்திரம் கனமான வார்ப்பிரும்பு அல்லது எஃகாக இருக்கட்டும். 4 கிலோ ஈயத்தின் கொள்ளளவு 350 மில்லிலிட்டர்தான்; ஒன்றரை டம்ளர் அளவுக்கு இவ்வளவு எடையா என்று வியந்து, ஆட்டம் காணும் சிறு அடுப்பில் வைத்துவிடுகிறார்கள். அடுப்பின் கால்கள் அகலமாக இருக்க வேண்டும். அலுமினியச் சட்டி கனல் பட்டால் அடி இளகிப் பொத்துக்கொள்ளும். துத்தநாகம் பூசிய வாளி ஈயத்தைக் கெடுக்கும், புகையும் நஞ்சு. ஒருமுறை ஈயம் உருக்கிய பாத்திரம் எத்தனை முறை தேய்த்தாலும் சமையலறைக்குத் திரும்பக் கூடாது. அடையாளமாக அதன் பிடியில் சிவப்புச் சாயம் அடித்து வையுங்கள்.

6. இப்போது அடுப்பை மூட்டி உருக்குங்கள்

சட்டியின் அடியில் தட்டையான துண்டுகளைப் போட்டு, சிறு தீயில் தொடங்குங்கள். ஈயம் அடியிலிருந்து உருகுகிறது. மேலே கெட்டியான மூடிபோல் உறைந்த ஈயம் இருக்க, அடியில் உருகி விரியும் ஈயம் வெளியேற வழி தேடி ஊசிபோல் பீய்ச்சும். முந்தைய நாள் மீந்த ஈயத்தைச் சட்டியிலேயே உறைய விடுபவர்களுக்கு இது நேர்கிறது.

வெப்பத்தை அளக்கத் தெர்மோகப்பிள் கம்பியுள்ள மானி வாங்குங்கள். துப்பாக்கி வடிவில் தூரத்திலிருந்து அளக்கும் கருவி பளபளக்கும் ஈயத்தின் மேல் உண்மையைவிடக் குறைவாகக் காட்டும். அதை நம்பித் தீயைக் கூட்டிக்கொண்டே போவார்கள். வார்ப்பதற்கு 360 முதல் 380 டிகிரி போதும். பரப்பில் நீலமும் ஊதாவும் கலந்த நிறம் ஓடினால் சூடு கூடிவிட்டது என்று பொருள். ஏறத்தாழ 480 டிகிரியைக் கடந்தால் கண்ணுக்குத் தெரியாத ஈய ஆவி கவலைப்படும் அளவுக்கு எழும். அது வரை போக எந்தத் தேவையும் இல்லை.

7. கசடு நீக்குதல்

உருகிய ஈயத்தின் மேல் சாம்பல் நிற ஏடு படியும். அதை அப்படியே வழித்து எறிந்தால் நல்ல உலோகமும் சேர்ந்து போகும். பட்டாணி அளவு மெழுகுவர்த்தித் துண்டைப் போட்டு, சூடாக்கிய இரும்புக் கம்பியால் அடிவரை மெதுவாகக் கலக்குங்கள். மெழுகு புகைந்து சட்டென்று தீப்பிடிக்கும்; அது இயல்பு, முகத்தை விலக்கி வைத்திருந்தால் போதும். மெழுகின் கரி, ஆக்சைடாக மாறிய ஈயத்தை மீண்டும் உலோகமாக்கித் தருகிறது. பிறகு கறுப்புப் பொடியாக மேலே நிற்பதை மட்டும் வழியுங்கள்.

அந்தப் பொடிதான் இந்த வேலையில் உடலுக்கு மிகக் கேடு செய்வது. பறக்காமல் மெல்ல எடுத்து, காய்ந்த மூடியுள்ள தகர டப்பாவில் போடுங்கள். ஊதாதீர்கள், துடைப்பத்தால் பெருக்காதீர்கள். ஏரிக்கரையில் கொட்டுவது அந்த ஏரி மீனைத் தின்னப் போகும் நமக்கே செய்துகொள்ளும் தீங்கு. டப்பா நிரம்பியதும் ஈயம் வாங்கும் பதிவுபெற்ற மறுசுழற்சியாளரிடம் சேருங்கள்.

8. அச்சைச் சூடாக்கி வாருங்கள்

ஈயம் உருகும் நேரத்திலேயே அச்சும் தயாராக வேண்டும். அகல்விளக்கின் கொழுந்தின்மேல் குழிகளைக் காட்டி, மெல்லிய கரி படிய விடுங்கள். கம்பிக்கும் அப்படியே செய்யுங்கள். ஈயம் ஒட்டாமல் இருக்கவும், உடனே உறைந்துவிடாமல் கடைசி மூலை வரை ஓடவும் அந்தக் கரி உதவுகிறது. எண்ணெய் தடவுவது தவறு. எண்ணெய் ஆவியாகிக் குழிக்குள் குமிழியாக நிற்கும். பிறகு அச்சை மூடி அடுப்பின் ஓரத்தில் வையுங்கள். நேரடித் தீயில் வைத்தால் கட்டை கோணிவிடும்.

கம்பியைச் செருகி, கிளாம்பு போட்டு இறுக்குங்கள். கரண்டியில் நான்கு மணிக்கு வேண்டியதைவிடக் கூடுதலாக அள்ளி, வாய்க்காலுக்கு அருகில் கரண்டியைக் கொண்டுபோய், இடையில் நிறுத்தாமல் ஊற்றுங்கள். தயங்கி இரண்டு முறையாக ஊற்றினால் முதல் ஊற்றுக்கும் இரண்டாவதுக்கும் நடுவே மடிப்பு விழுந்து மணி அந்த இடத்தில் உடையும். வாய்க்கால் நிரம்பி நிற்க வேண்டும். ஈயம் இறுகும்போது சுமார் 3.5 விழுக்காடு சுருங்குகிறது. குறைவதை ஈடுகட்ட மேலே நிற்கும் ஈயம்தான் இறங்கும்.

இப்போது வாய்க்காலின் பரப்பைப் பாருங்கள். முதலில் கண்ணாடிபோல் மின்னும். ஒரு கட்டத்தில் அதன்மேல் பனி படர்ந்ததுபோல் ஓரத்திலிருந்து நடுவை நோக்கி மங்கும். நடுப்பகுதி மங்கிய பிறகு மனத்துக்குள் பத்து எண்ணுங்கள். உடனே கம்பியைத் திருகி உருவுங்கள். அச்சைத் திறப்பதற்கு முன்பே இதைச் செய்ய வேண்டும். கட்டைகள் மணியைப் பிடித்திருக்கும்போது கம்பி எளிதாக வரும். திறந்துவிட்டால் மணி கம்பியோடு சேர்ந்து சுழலும். ஆற விட்டாலும் வராது, இறுகக் கவ்விக்கொள்ளும்.

அச்சைத் திறந்து, மடித்த பழைய வேட்டித் துணியின்மேல் மணிகளை விழச் செய்யுங்கள். குளிர வைக்கிறேன் என்று தண்ணீரில் போடாதீர்கள். ஈரமான மணி ஒன்று கைதவறிச் சட்டிக்குத் திரும்பினால் நான்காம் பகுதியில் சொன்னது நடக்கும்.

முதல் ஐந்தாறு வார்ப்புகள் சரியாக வராது. அச்சு இன்னும் வேண்டிய சூட்டுக்கு வரவில்லை என்பதே காரணம். புதியவர்கள் இதைக் கண்டு ஈயத்தின் தீயைக் கூட்டுகிறார்கள். கூட்ட வேண்டாம், தொடர்ந்து ஊற்றுங்கள். அச்சு தானாகச் சூடேறிச் சீராகும்.

9. மணியைப் பார்த்துத் தவற்றை அறிதல்

மணியின் மேல் சுருக்கங்கள் இருந்தால் அச்சு குளிர்ந்திருக்கிறது, அல்லது அதில் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கிறது. முனை நிரம்பாமல் மொண்ணையாக வந்தால் காற்றுக் கீறல் அடைத்திருக்கும். ஊசியால் சுத்தம் செய்யுங்கள். மேற்பரப்பு வெளிறிப் பனிபோல் இருந்தால் அச்சு மிகவும் சூடாகிவிட்டது. வலை மணிக்கு அதனால் கேடில்லை, ஒரு நிமிடம் ஆற விட்டுத் தொடரலாம்.

இரு பக்கமும் மெல்லிய இறகுபோல் பிசிறு வந்தால் கட்டைகளின் நடுவே ஈயத் துகள் மாட்டியிருக்கிறது. கத்தியால் சுரண்டாதீர்கள், கட்டையின் முகத்தில் கீறல் விழுந்தால் அச்சு பயனற்றுப் போகும். மூங்கில் குச்சியால் தள்ளுங்கள்.

எடையையும் பாருங்கள். பத்து மணிகளில் ஒன்றை எடுத்து மின்னணுத் தராசில் போடுங்கள். 15 கிராம் எதிர்பார்த்த இடத்தில் 13 வந்தால் உள்ளே பொந்து இருக்கிறது. அது அடி வாங்கினால் பிளக்கும். கெட்ட மணிகளைத் தனியே சேர்த்து, அடுத்த முறை குளிர்ந்த சட்டியில் போடுங்கள்.

10. துளையின் விளிம்பை மழுக்குதல்

நல்ல மணியையும் பயனற்றதாக்குவது இந்தப் படியைத் தாண்டிப் போவதுதான். கம்பியை உருவும்போது துளையின் வாயில் கத்தி விளிம்புபோல் ஒரு பிசிறு எழும். கண்ணுக்குத் தெரியாது, விரலால் தடவினால் உறுத்தும். வலையை ஒவ்வொரு முறை வீசும்போதும் அது அடிக்கயிற்றின் நைலான் இழைகளை ஒவ்வொன்றாக அறுக்கும். இரண்டு மாதம் கழித்துக் கயிறு அறுந்து மணிகள் வரிசையாக ஏரியில் கொட்டும்போது, கயிறு மட்டமானது என்று நினைப்பார்கள்.

8 மில்லிமீட்டர் துளையிடும் ஊசியைக் கையில் பிடித்து, துளையின் இரு வாயிலும் இரண்டு சுற்றுச் சுற்றினால் போதும், விளிம்பு சாய்ந்துவிடும். இயந்திரத்தில் மாட்ட வேண்டாம், ஈயம் மிருதுவானது, ஆழமாகப் போய்விடும். கீழே செய்தித்தாள் விரித்து, துகள்களைச் சேர்த்து எடுங்கள். மேலே ஒட்டியிருக்கும் வாய்த்துண்டைக் கட்டிங் பிளேயரால் நறுக்கி, அந்த இடத்தையும் அரத்தால் இரண்டு இழுப்பு இழுங்கள். எல்லா மணியையும் முடித்த பிறகு, ஒரு நைலான் நூலை ஒவ்வொரு துளையிலும் முன்னும் பின்னும் இருபது முறை இழுத்துப் பாருங்கள். நூலில் பஞ்சு எழுந்தால் அந்த மணியை மீண்டும் மழுக்க வேண்டும்.

11. முடித்த பின் சுத்தம்

மீந்த ஈயத்தைச் சட்டியில் விடாமல், உலர்ந்த இரும்பு அச்சுகளில் சிறு கட்டிகளாக ஊற்றி வையுங்கள். தீ அணைந்து, சட்டி தொடும் சூட்டுக்கு வரும் வரை இடத்தை விட்டு நகராதீர்கள்.

வேலை முடியும் வரை தண்ணீர், தேநீர், வெற்றிலை, பீடி எதுவும் வாய்க்குப் போகக் கூடாது. முடிந்ததும் சோப்புப் போட்டு முழங்கை வரை கழுவி, முகத்தையும் கழுவிய பிறகே குடிக்க வேண்டும். அன்று உடுத்திய துணியை வீட்டுத் துணியோடு சேர்க்காமல் தனியே துவையுங்கள். காலணியை வாசலுக்கு வெளியே விடுங்கள். தவழும் குழந்தை உள்ள வீட்டில் ஈயத் தூள் தரைவழியாகத்தான் வாய்க்குப் போகிறது.

ஈயம் மேலே தெறித்துவிட்டால், ஒட்டியதைப் பிய்க்காமல் ஓடும் தண்ணீரில் இருபது நிமிடம் காட்டி, பிறகு மருத்துவமனைக்குச் செல்லுங்கள். பிய்த்தால் தோலும் சேர்ந்து வரும். ஆண்டுக்குப் பல வலைகளுக்கு வார்ப்பவர்கள் ஆண்டுக்கு ஒருமுறை இரத்தத்தில் ஈய அளவைச் சோதித்துக்கொள்ளுங்கள். ஒரு டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராம் அல்லது அதற்கு மேல் இருந்தால் ஈயம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்துத் தடுக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனம் 2021இல் தந்த வழிகாட்டல்.

12. கோத்தல்

அடிக்கயிற்றில் மணிகளைக் கோத்து, ஒவ்வொரு மணியின் இரு பக்கமும் மெல்லிய நூலால் முடிச்சுப் போட்டு நிறுத்துங்கள். மணி நகர்ந்து ஒரு பக்கம் சேர்ந்தால் வலை வட்டமாக விரியாது. முடிச்சு உறுதியாக இருப்பதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. நீர்ப்பறவைகள் இரைப்பையில் அரைப்பதற்காகச் சிறு கற்களை விழுங்கும். அவற்றோடு உதிர்ந்த ஈயத்தையும் விழுங்கிச் சாகின்றன. இங்கிலாந்தில் அன்னப் பறவைகள் இப்படி இறந்ததால் 1987இல் தூண்டிலுக்கான சிறு ஈய எடைகளைத் தடைசெய்தார்கள். அறுந்த மணி கண்ணில் பட்டால் எடுத்து வந்துவிடுங்கள்.

மணியைப் பல்லால் கடித்து இறுக்குவதும், வீசும்போது வலையின் விளிம்பை மணியோடு சேர்த்துப் பல்லில் கவ்வுவதும் நம்மிடையே பழக்கமாக இருக்கின்றன. கவ்வித்தான் வீசப் பழகியிருக்கிறீர்கள் என்றால், விளிம்பில் ஓர் இடத்தில் இரண்டு மணிகளுக்கு நடுவே ஒரு சாண் இடைவெளி விட்டு, அங்கே கெட்டியான பருத்திக் கயிற்றைச் சுற்றி வையுங்கள். பல் அந்த இடத்தில் மட்டும் படட்டும். அந்த ஒரு சாணில் குறையும் எடைக்காக, அதன் இரு பக்கத்திலும் மணிகளை 4 சென்டிமீட்டர் இடைவெளியில் நெருக்கிக் கோத்துவிடலாம்.

முதல் வீச்சை முழங்கால் அளவுத் தண்ணீரில், குத்தகைதாரரின் அனுமதி உள்ள ஏரியில், வலையின் விளிம்பு முழுவதும் கண்ணுக்குத் தெரியும் இடத்தில் வீசிப் பாருங்கள். விளிம்பு எந்தப் பக்கம் கடைசியாகத் தரையைத் தொடுகிறதோ, அந்தப் பக்கத்துக்குத்தான் அந்தக் கூடுதல் 20 மணிகளில் இரண்டோ மூன்றோ தேவைப்படும்.